சிங்கப்பூர் – நியூயார்க் விமானம்: கேள்வி பதில்

(விமானங்களுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்த ஒருவர், பலர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

ப: குறுக்குவழியில் சுமார் 15,340 கி.மீ. நிற்காமல் போனால் 18 முதல் 19 மணி நேரம். இரண்டு ஊரும் உலக உருண்டையில் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கம். அதனால் குறுக்குவழி கிட்டத்தட்ட வடதுருவத்தின் மேலேயே போகிறது. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள்.

கே: ராத்திரி 12க்குக் கிளம்பினால் அதே நாள் காலை 6.30க்கு இறங்கிவிடலாமாம். ஆறரை மணி நேரம்தானே?

ப: டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் கோடையில் 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. அதையும் கூட்டுங்கள்.

கே: அமெரிக்க விசா எத்தனை நாளில் வரும்?

ப: தூதரகத்தைக் கேளுங்கள்.

கே: துருவம்தான் குறுக்குவழி என்றால் விமானம் ஏன் பசிபிக் மேலே போகிறது?

ப: காற்றுக்காக. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். விமானத்தின் சொந்த வேகம் சுமார் 900. காற்று பின்னாலிருந்து தள்ளினால் 1,100. ஆயிரம் கி.மீ. சுற்றிப் போனாலும் லாபம்தான். திரும்பும்போதும் சில நாட்களில் அட்லாண்டிக் வழியே கிழக்காகவே வருவார்கள். அப்படி வந்த பயணி உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டார்!

கே: பூமிதான் சுழல்கிறதே, மேலே சும்மா நின்றால் நியூயார்க் தானாகக் கீழே வராதா?

ப: வராது. பூமியோடு காற்றும் சேர்ந்து சுழல்கிறது.

கே: காற்று ஏன் சேர்ந்து சுழல வேண்டும்?

ப: சுழலாவிட்டால் நிலநடுக்கோட்டுப் பக்கம் மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்கப் புயல் அடிக்கும். சிங்கப்பூரில் ஒரு கட்டடம் நிற்காது.

கே: பூமி சுழல்வதைப் பற்றிக் கேட்டவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கிழக்கே போகும் விமானம் சீக்கிரம் போகிறதே?

ப: சுழற்சிக்குப் பங்கு உண்டு, ஆனால் நேரடியாக இல்லை. வெப்பப் பகுதியிலிருந்து துருவம் நோக்கி நகரும் காற்றை அது கிழக்கே திருப்புகிறது. அதுதான் ஜெட் காற்று. விமானத்தைத் தள்ளுவது அந்தக் காற்று, பூமி இல்லை. சரி, இந்த வாதம் போதும்.

கே: போக ஆறரை மணி, வர முப்பதரை மணி என்று கணக்கு வருகிறதே, எது சரி?

ப: இரண்டும் தப்பு. அந்தந்த ஊர் நேரம்! போகும்போது 12ஐக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: நடுவில் இந்த நிற்காத விமானச் சேவையை நிறுத்தியிருந்தார்களே?

ப: 2004இல் தொடங்கியது ஏர்பஸ் ஏ340-500இல். நான்கு எஞ்சின், எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நின்றது. 2018இல் இரண்டு எஞ்சின் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) வந்தது. 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க 161 இருக்கைகள் மட்டுமே, எகானமி கிடையாது.

கே: எத்தனை கி.மீ. சார்?

ப: முதல் பதில்.

கே: சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய் இதைப் பிடிக்கலாமா?

ப: சென்னை – நியூயார்க் நேர்த்தூரமே சுமார் 13,500 கி.மீ.தான். சிங்கப்பூர் வழியாக 18,000ஐத் தாண்டும். வளைகுடா அல்லது ஐரோப்பா வழியாகப் போங்கள். சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருந்தால் வேறு விஷயம்.