மகள் சாஃப்ட்பாலை வேலையாக நம்பலாமா? சிகாகோ பண்டிட்ஸ் அணியை வைத்து ஒரு பதில்

சிகாகோவை ஒட்டிய நேப்பர்வில்லில் இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகளுக்கு 15 வயது, பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆடுகிறாள், ஊர் ஊராகப் போய் போட்டிகளில் ஆடும் டிராவல் டீமில் பிட்சர், அதாவது பந்து வீசுபவள். சிகாகோவின் பெண்கள் சாஃப்ட்பால் அணியான பண்டிட்ஸின் சட்டையைப் போட்டுக்கொண்டு "இந்த டீமுக்கு ஆடப்போறேன், அதுதான் என் வேலை" என்கிறாளாம். அந்த அணி தொடங்கியது 2005 என்று ஓர் இடத்திலும், 2025 என்று இன்னோர் இடத்திலும் படித்திருக்கிறார். எது சரி, இதை நம்பி வருஷா வருஷம் பணம் போடலாமா என்பது அவர் கேள்வி.

இரண்டு வருஷமும் சரிதான். ஏன் இரண்டு என்பது தெரிந்துவிட்டால் பணத்தைப் பற்றிய கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதல் பண்டிட்ஸ் 2005இல் வந்தது. அப்போது இருந்த லீக்கின் பெயர் நேஷனல் ப்ரோ ஃபாஸ்ட்பிட்ச். 1997இல் வேறு பெயரில் தொடங்கி, நடுவில் நின்றுபோய், 2004இல் மறுபடி எழுந்த லீக் அது. ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்று ஒரு வருஷம்கூட ஆகாத ஜென்னி ஃபின்ச் இந்த அணியில் சேர்ந்தார். அன்றைக்கு அமெரிக்காவில் சாஃப்ட்பால் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த ஒரே சாஃப்ட்பால் முகம் அவர்தான் என்று சொல்லலாம், அவர் பந்து வீசுவதைப் பார்க்கவே சின்னப் பெண்கள் அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அணி லைல், எல்ஜின் என்று இடம் மாறிக்கொண்டிருந்தது. 2008இல் முதல் கோப்பை. 2010இல் ஃபின்ச் ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் ஓஹேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரோஸ்மான்ட்டில் அவர்களுக்கென்று ஸ்டேடியமே வந்துவிட்டது, அந்தத் தெருவுக்கு ஜென்னி ஃபின்ச் வே என்று பெயர், கதவு எண் அவருடைய ஜெர்சி எண்ணான 27. மகளை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெயர்ப்பலகையைக் காட்டுங்கள். பந்து வீசும் ஒரு பெண்ணின் பெயரை ஓர் ஊர் தெருவுக்கு வைத்திருக்கிறது என்பதை அவள் நேரில் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

அதன்பிறகு 2011, 2015, 2016 என்று இன்னும் மூன்று கோப்பைகள்.

சரி, சம்பளம்? இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த லீக்கில் ஓர் அணி மொத்த வீராங்கனைகளுக்கும் சேர்த்து ஒரு சீசனுக்குக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு 2016 வாக்கில் 1,50,000 டாலர். இருபது பேர் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 7,500 டாலர், அதுவும் கோடைக்கால மாதங்களுக்கு மட்டும். மீதி வருஷம் கல்லூரிகளில் பயிற்சியாளராகவோ வேறு வேலையிலோ இருந்துதான் பலரும் குடும்பம் நடத்தினார்கள். அதே 2016இல் டெக்சாஸின் ஸ்க்ராப் யார்ட் டாக்ஸ் அணி பிட்சர் மோனிகா ஆபட்டுக்கு 6 வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டது பெரிய செய்தியானது. ஆனால் அதில் அடிப்படைச் சம்பளம் வருஷத்துக்கு இருபதாயிரம் டாலர் அளவில்தான், பெரும்பகுதி மைதானத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்த ஊக்கத்தொகை.

லீக் நடந்த விதமும் அப்படித்தான். அணிகள் வருவதும் போவதுமாக இருந்தன, கடைசி வருஷங்களில் சீனா, ஆஸ்திரேலியா வீராங்கனைகளைக் கொண்ட அணிகளைச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பினார்கள். பண்டிட்ஸ் மட்டும் 2019 வரை 15 சீசன் தாக்குப்பிடித்தது. கொரோனாவால் 2020 ரத்து, 2021ம் ரத்து, அந்த ஆகஸ்டில் லீக்கையே மூடிவிட்டார்கள். முதல் பண்டிட்ஸ் அதோடு முடிந்தது.

இப்படி நடந்தது இது முதல் தடவை இல்லை. 1976இல் ஜோன் ஜாய்ஸ் என்ற பெரும் பிட்சரும் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கும் சேர்ந்து தொடங்கிய லீக்கில் கனெக்டிகட் ஃபால்கன்ஸ் நான்கு வருஷமும் கோப்பை வென்றது. நான்கே வருஷம், லீக் இல்லை. ஆட்டம் நன்றாக இருந்தால் அணி பிழைத்துவிடும் என்று நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது பண்டிட்ஸ் 2025இல் பிறந்தது. அத்லீட்ஸ் அன்லிமிடெட் நிறுவனம் தொடங்கிய புது லீக், நான்கு அணிகள், அதில் ஒன்றுக்குப் பழைய பெயரை வைத்தார்கள். பெயர்தான் தொடர்ச்சி, உரிமையாளர் வேறு, லீக் வேறு. முதல் சீசனில் இறுதிச்சுற்று வரை போய் டாலன்ஸ் என்ற அணியிடம் தோற்றார்கள். இந்தத் தடவை எனக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடுதல், காரணம் ஆண்களின் பெரிய பேஸ்பால் லீக்கான மேஜர் லீக் பேஸ்பால் இதில் முதலீடு செய்திருக்கிறது. ஒவ்வொரு அணிக்கும் தனித்தனி முதலாளி தேடி, ஒருவர் கைவிட்டால் லீக்கே ஆட்டம் காணும் பழைய நிலைமை இதில் குறைவு.

அப்படியானால் பணம் எங்கே இருக்கிறது? இப்போதைக்குக் கல்லூரியில். 2024இல் நிஜாரி கனடி என்ற பிட்சர் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது அவருடைய பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமைக்காக ஒரே வருஷத்துக்கு 10,50,024 டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. ஆபட்டுக்கு ஆறு வருஷத்துக்குச் சொன்ன தொகையைவிட அதிகம்! எல்லாருக்கும் அப்படிக் கிடைக்காது, ஆனால் ஸ்காலர்ஷிப்பில் படிப்பை முடிப்பது நல்ல பிட்சருக்கு எட்டக்கூடிய விஷயம். கல்லூரிக்குப் பிறகு ஜப்பான் இருக்கிறது. அங்கே டொயோட்டா, பிக் கேமரா போன்ற நிறுவனங்களே அணி நடத்துகின்றன, ஆபட்டும் டொயோட்டாவுக்குப் பல வருஷம் ஆடினார்.

ஆகவே செலவு செய்யுங்கள், ஆனால் கல்லூரியைக் குறிவைத்து. பண்டிட்ஸ் சட்டை அவள் மேலேயே இருக்கட்டும், அந்த ஆசைதான் அவளை வெயிலில் நிற்க வைக்கிறது. டிவிஷன் ஒன் என்ற முதல்தரக் கல்லூரி அணிகளின் பயிற்சியாளர்கள் 11ஆம் வகுப்பு தொடங்கும் செப்டம்பர் 1க்கு முன்னால் அவளிடம் நேரடியாகப் பேச முடியாது, நீங்கள் மின்னஞ்சல் அனுப்பத் தடையில்லை. அதற்குள் இரண்டு வேலை: பந்துவீசும் வீடியோ ஒன்றை, ஒரு முழு இன்னிங்ஸ் வெட்டாமல் இருக்கும்படி, தயார் செய்யுங்கள். அப்புறம் கல்லூரி விளையாட்டுக்குத் தேவையான 16 பாடங்களும் சரியாக நகர்கின்றனவா என்று பள்ளி கவுன்சிலரிடம் இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.