பெயிண்டுக்குக் கொடுக்கும் விலை

கேள்வி: என்னிடம் 1974 மாடல் ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேன் இருக்கிறது. ஓடுகிறது. ஆனால் சக்கர வளைவுகளில் துரு, மழை பெய்தால் ஒழுகல், அடிக்கடி ஏதாவது சில்லறை வேலை. இதே மாடலை முழுக்கப் புதுப்பித்து ஒருவர் விற்கிறார். இரட்டை நிறப் பெயிண்ட், புது சீட், பளபளக்கும் பம்பர், உள்ளே புது மரவேலை. என் வண்டியை விற்றால் கிடைப்பதைப் போல ஐந்து மடங்கு விலை. கடன் வாங்கியாவது அதை எடுத்துவிட்டால் தொல்லை தீரும் அல்லவா?

பதில்: தீராது. கடனும் வாங்காதீர்கள், உங்கள் வண்டியையும் விற்காதீர்கள்.

நீங்கள் எழுதியதையே மறுபடி படித்துப் பாருங்கள். பெயிண்ட், சீட், பம்பர், மரவேலை எல்லாம் இருக்கிறது. வண்டியின் அடிப்பகுதியைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த வேனுக்குத் தனி சேஸிஸ் கிடையாது. அடிச்சட்டங்களும் பாடியும் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டவை. கீழே தகடு அரித்துப்போனால் வண்டியின் பலமே போயிற்று. முறையாகப் புதுப்பிப்பவர் எல்லாவற்றையும் கழற்றி, துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை வெல்டு செய்வார். மாதக்கணக்கில் ஆகும் வேலை அது. அந்த உழைப்புக்கு அவர் கேட்கும் விலையை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி உழைத்தவரிடம் ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ இருக்கும். நாம் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுவார்.

என் கோபமெல்லாம் மற்றவர்கள் மேல்தான். துருவின் மேலேயே பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, அடியில் கெட்டியாகக் கறுப்புத் தார்ப்பூச்சு பூசி, 'முழுக்கப் புதுப்பித்தது' என்று விற்கிறார்கள். அந்தத் துரு உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். சக்கர வளைவு, கதவுக்குக் கீழ்ப்பகுதி, முன்கண்ணாடியின் கீழ் ஓரம், பின்னால் பேட்டரி இருக்கும் மூலை என்று வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம். காந்தத்தைப் பார்த்ததும் விற்பவர் முகம் மாறினால் அங்கேயே திரும்பிவிடலாம்.

சரி, நேர்மையாகச் செய்த வண்டி என்றே வைத்துக்கொள்வோம். அதற்கும் இதே காற்றால் குளிரும் எஞ்சின்தானே? புதுப் பெயிண்ட் அடித்ததால் அதன் தேவைகள் குறைந்துவிடாது. சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். 1600 சிசி எஞ்சின் என்றால் நன்றாக ஆறிய பிறகு வால்வு மூடியைத் திறந்து, ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை நுழைத்து 0.15 மில்லிமீட்டர் வைக்க வேண்டும். நிதானமாகச் செய்தால் நீங்களே ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடலாம். இதை விட்டுவிட்டால் இடைவெளி குறைந்துகொண்டே போய், வால்வு சரியாக மூடாமல் கருகும். அப்புறம் வருவது பெரிய செலவு. உங்கள் எஞ்சினை எப்போது, யார் பிரித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வண்டியின் எஞ்சினைப் பற்றி விற்பவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

உதிரிபாகம் கிடைக்காதோ என்ற பயம் வேண்டாம். ஜெர்மனியில் 1979இல் நின்றுபோன இந்த வடிவம் பிரேசிலில் 2013 வரை தயாரானது. பாடித் தகடுகள் முதல் ரப்பர் வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

ஐந்து மடங்குப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து உங்கள் வண்டிக்குச் செலவு செய்யுங்கள். முதல் வேலை பெட்ரோல் டியூப். இந்த வாரமே எல்லாவற்றையும் கிளாம்ப்போடு சேர்த்து மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்குங்கள். வெடித்த டியூபிலிருந்து சூடான எஞ்சின்மேல் சொட்டும் பெட்ரோலால் எத்தனையோ வேன்கள் எரிந்துபோயிருக்கின்றன. எஞ்சின் உறை மெக்னீசியக் கலவை; அது பற்றிக்கொண்டால் அணைப்பது மிகக் கடினம். அடுத்து ஒழுகல். ஜன்னல் ரப்பர்களையும் மேலே தூக்கும் கூரையின் ஓர ரப்பரையும் மாற்றுங்கள். தண்ணீர் அலமாரிகளுக்குப் பின்னால் இறங்கி உள்ளிருந்தே தகட்டை அரிக்கும் என்பதால் இதை முடிக்காமல் டிங்கரிங் வேலைக்குப் போகாதீர்கள். சக்கர வளைவுத் துரு அதற்குப் பிறகு.

வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பார்க்கும்போது ஜாக்கி வைக்கும் இடங்களும் நீளச் சட்டங்களும் கையால் அழுத்தினாலே உள்ளே போகிறதென்றால் செலவு கூடும்தான். அப்போதும் நல்ல வெல்டர் ஒருவரிடம் உங்கள் வண்டியையே கொடுங்கள். வாரம் ஒருமுறை ஷெட்டுக்குப் போய், தகடு மாறுவதை நேரில் பார்த்துப் பணம் கொடுங்கள்.