மார்ஷ் கிப்பனில் ஒரு குத்தகைதாரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1086-இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட நில ஆய்வான டூம்ஸ்டே புத்தகத்தில் எளிய மனிதர்களின் குரலும் உண்டு என்று ஓர் உரையில் கூறினீர்கள். சில பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். இத்தனை ஏர், இத்தனை குடியானவர், இவ்வளவு மதிப்பு என்பதற்கு மேல் எதுவும் தென்படவில்லை. வரிக் கணக்கில் மனிதரை எங்கே தேடுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது அரசனுக்கான கணக்கு என்பதில் ஐயமில்லை. 1085 கிறிஸ்துமஸ் காலத்தில் க்ளஸ்டர் நகரில் கூடிய அவையில், 1066-இல் நார்மண்டியிலிருந்து படையெடுத்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய முதலாம் வில்லியம் அதற்கு ஆணையிட்டார். அப்படையெடுப்புக்கு முன் ஆண்ட எட்வர்ட் மன்னர் காலத்தில் நிலம் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, ஏர்களும் குடியானவர்களும் அடிமைகளும் எத்தனை, புல்வெளியும் காடும் எவ்வளவு, அன்றைய மதிப்பென்ன, இன்றைய மதிப்பென்ன, இன்னும் கூடுதலாகப் பெற முடியுமா என்பவைதான் அதிகாரிகளின் கேள்விகள். குடும்பத் தலைவர்களே பெரும்பாலும் எண்ணப்பட்டதால், பெண்கள் அதில் மிக அரிதாகவே இடம்பெறுகிறார்கள்.

ஆனால் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள மார்ஷ் கிப்பன் என்ற சிற்றூரின் பதிவைப் படித்துப் பாருங்கள். எட்வர்ட் காலத்தில் தம் கையில் இருந்த அதே நிலத்தை எதெல்ரிக் என்ற ஆங்கிலேயர் இப்போது டட்லி கோட்டையின் பிரபுவான வில்லியம் ஃபிட்ஸ் அன்ஸ்கல்ஃபிடம் குத்தகைக்குப் பெற்றிருக்கிறார் என்று சொல்லும் அந்த லத்தீன் வாக்கியம், அதோடு நின்றுவிடாமல், 'பெருஞ்சுமையோடும் அவலத்தோடும்' என்று முடிகிறது.

அதிகாரிகளின் எந்தக் கேள்விக்கும் இது பதில் அல்ல. நிலத்தின் அளவையோ மதிப்பையோ வரியையோ இச்சொற்கள் மாற்றுவதில்லை. புத்தகத்தின் இரு தொகுதிகளில், எசெக்ஸ், நார்ஃபோக், சஃபோக் ஆகிய மூன்று மாவட்டங்களுக்கான சிறிய தொகுதியில் ஆடு, பன்றி எண்ணிக்கைகூட இருக்கிறது; பக்கிங்ஹாம்ஷயர் அடங்கிய பெரிய தொகுதியிலோ, இடத்தைச் சுருக்குவதற்காகக் கால்நடைக் கணக்கு விடப்பட்டுவிட்டது. சொற்களையும் பாதியாக வெட்டிச் சுருக்கி எழுதிச் சென்ற எழுத்தர், ஆடுமாடுகளை விட்டுவிட்டு ஒரு மனிதரின் துயரத்தை விடாமல் வைத்திருக்கிறார். விசாரணையில் எதெல்ரிக்கோ அவருக்காக ஊராரோ வாய்விட்டுச் சொல்லாமல் அது ஏட்டில் ஏறியிருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன். நான் குரல் என்று சொன்னது இதைத்தான்.

இப்படிப்பட்ட பதிவுகள் மிக அரிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நிலத்தை இழந்த ஆங்கிலேயரில் பெரும்பாலோருக்கு, 'எட்வர்ட் மன்னர் காலத்தில் இன்னார் வைத்திருந்தார்' என்ற ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்