நிதி கேட்கும்போது இரண்டையும் மோதவிடாதீர்கள்

கொள்ளைநோய்க்குப் பிறகு வந்த நிதி முழுவதையும் அடுத்த தொற்றுநோயை எதிர்கொள்ளும் தயார்நிலைக்கே ஒதுக்க உங்கள் சுகாதாரக் குழு நினைக்கிறது, சர்க்கரை, பிரஷர் நோயாளிகளுக்காக எப்படி வாதாடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்தினால் தோற்றுவிடுவீர்கள். நாள்பட்ட நோய்ப் பராமரிப்பும் தயார்நிலையில் ஒரு பங்குதான் என்று ஆரம்பியுங்கள். கோவிட் தீவிரமாகும் ஆபத்து சர்க்கரை, இதயநோய், உடல்பருமன் உள்ளவர்களுக்கு அதிகமாக இருந்தது. 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், 53 சதவீத நாடுகளில் ரத்த அழுத்த சிகிச்சை ஓரளவோ முழுமையாகவோ தடைபட்டிருந்தது. இந்த எண்ணை முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

கோரிக்கை கைக்கு எட்டுவதாக இருக்கட்டும். நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுப்பது, டாக்டர் வேறு பணிக்குப் போனாலும் நர்ஸ் பிரஷர் பார்த்து, முன்கூட்டியே எழுதிவைத்த நெறிமுறைப்படி மருந்தைத் தொடர்வது, வராமல் நின்றவர்களைத் தேடிப்பிடிக்க ஒரு பதிவேடு. இதில் பதிவேட்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெயர், தொடர்பு எண், கடைசியாகப் பார்த்த பிரஷர் அல்லது சர்க்கரை அளவு, அடுத்து வரவேண்டிய தேதி போதும். யாராவது 'இதற்கு ஒரு மொபைல் ஆப் செய்யலாமே' என்று ஆரம்பித்தால் வருஷம் அதிலேயே ஓடிவிடும்!

புகையிலை வரி, உப்புக் குறைப்பு எல்லாம் பலன் தருபவைதான். ஆனால் உங்கள் குழுவின் கையில் இல்லாதவை, அவற்றை ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள்.