பள்ளி மலரில் வந்த கவிதை: லேமினேட் செய்யலாமா?

அம்மா ஏழாம் வகுப்பில் எழுதிய கவிதை வந்த பள்ளி மலர் மஞ்சளாகி ஒடிகிறது, லேமினேட் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் தாளை மஞ்சளாக்குகிறது, தாளில் உள்ள அமிலம் ஒடிய வைக்கிறது. பிளாஸ்டிக்குக்குள்ளும் அந்த வேலை நிற்காது. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்காமல், பின்பக்கக் கால்களை நிமிர்த்தி மெல்ல எடுங்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) துல்லியத்தில், வண்ணத்தில் ஸ்கேன் செய்துவிட்டு அமிலமற்ற காகித உறையில் போட்டு, வெளிச்சம் படாமல் வையுங்கள். அட்டையையும் ஸ்கேன் செய்யுங்கள். ஆண்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கவிதையைத் தட்டச்சு செய்யும்போது பிழைகளைத் திருத்திவிடாதீர்கள். எதுகைக்காகக் குழந்தை சொல்லை வளைப்பதுதான் அந்தக் கவிதைகளின் ருசியே. ஆசிரியர் கைவைத்த வரி தானே காட்டிக்கொடுக்கும்: திடீரென்று இலக்கணம் சுத்தமாகிவிடும்!