வேலைக்காரர் நீங்கலாக

கேள்வி: திருச்சிப் பக்கத்திலிருந்து 1986-இல் ஓசூருக்கு வேலைக்கு வந்து, ஓய்வு பெற்று இங்கேயே வீடு கட்டிக்கொண்டவன் நான். டல்லாஸுக்கு வெளியே ஒரு புறநகரில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பினேன். அங்கே ஒரு மாலை நடக்கப் போயிருந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு வெள்ளைக்கார அம்மாள் காரை நிறுத்தி, "யார் வீட்டுக்கு வந்தீர்கள்?" என்று கேட்டார். பத்து நிமிடத்தில் போலீஸ் வந்துவிட்டது. மகன் ஓடிவந்து விளக்கிய பிறகே விட்டார்கள். கேட்டால், குடியிருப்பின் பாதுகாப்புக்காகவாம்! இந்த வெள்ளையர்களின் நிறவெறி என்றுதான் தீரும்?

பின்குறிப்பு: எங்கள் லேஅவுட்டில் வடமாநிலப் பையன்களுக்கு வீடு விடக்கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறோம். வாய்மொழி முடிவுதான், மினிட் புத்தகத்தில் ஏற்றவில்லை. மற்ற நகர்களும் பின்பற்றும்படி தங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன். எல்லாம் பாதுகாப்புக்காகத்தான்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஓசூர்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை டல்லாஸ் அம்மாள் மேல் கோபம் வந்தது. இரண்டாம் முறை பின்குறிப்பைத் தாண்ட முடியவில்லை. மூன்றாம் முறை, இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தானா என்று கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே கையெழுத்து, ஒரே மை.

உங்களுக்கு அங்கே நேர்ந்தது அவமானம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். வயதான ஒரு மனிதர் காலாற நடப்பதற்கு எவரிடமும் அத்தாட்சி காட்ட வேண்டியதில்லை. அதிலும் நீங்கள் தப்பித்தவர். 2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் மாடிசன் நகரில், பேரனைப் பார்த்துக்கொள்ளக் குஜராத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த 57 வயதுக்காரர் ஒருவர் இப்படித்தான் ஒரு காலையில் நடந்துகொண்டிருந்தார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் சுற்றித் திரிகிறான் என்று அக்கம்பக்கத்தார் ஒருவர் போலீஸுக்குப் போன் செய்தார். வந்த போலீஸ்காரரிடம் பெரியவரால் சொல்ல முடிந்தது, தான் இந்தியா, ஆங்கிலம் தெரியாது என்ற அளவுக்குத்தான். தரையில் தள்ளிய வேகத்தில் முதுகுத்தண்டு பாதித்து, உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. தள்ளியவர் மீதான வழக்கில் இரண்டு முறை ஜூரிகள் ஒத்த முடிவுக்கு வராமல் போனார்கள். 2016-இல் நீதிபதி அவரை விடுவித்துவிட்டார். போன் செய்தவரைக் கேட்டிருந்தால் அவரும் பாதுகாப்பு என்றுதான் சொல்லியிருப்பார்.

இந்தப் பாதுகாப்பு அங்கே எப்படி வீடு கட்டிக் குடியேறியது என்று கொஞ்சம் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, போர்வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு சுலபக் கடன் கொடுத்தபோது, நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற புறநகர் 1947-இல் எழுந்தது. அச்சில் வார்த்த மாதிரி ஆயிரக்கணக்கான வீடுகள். இன்று நம் ஊரில் வண்ணக் கொடி நட்டு சைட் விற்கிறார்களே, அதற்கெல்லாம் பெரியப்பா. அதன் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. வெள்ளை இனத்தவர் அல்லாத எவரும் இந்த வீட்டைப் பயன்படுத்தவோ குடியிருக்கவோ அனுமதிக்கக் கூடாது. அதோடு ஒரு விலக்கும் சேர்த்திருந்தார்கள்: வீட்டு வேலைக்காரர் நீங்கலாக.

இந்த விலக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஓசூருக்கு வரும்போது தேவைப்படும்.

இப்படிப்பட்ட ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்புச் சொன்னது. சொல்லி என்ன? பென்சில்வேனியாவில் அதே நிறுவனம் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில் 1957-இல் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் ஒன்று வீடு வாங்கிக் குடியேறியது. இரவு தவறாமல் வீட்டின் முன்னால் கூட்டம் கூடியது, கல் பறந்தது. அதன் பிறகும் பதினோரு ஆண்டுகள் போயின. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில்தான், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது. இன்று உங்கள் மகன் அந்தப் புறநகரில் வீடு வாங்க முடிவது அந்தச் சட்டத்தின் தயவில். அதை வாங்கிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். நம்மவர்கள் பிறகு போய்த் தயாராக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்.

அதற்கு முன்னால் போன நம்மவர்களின் கதை வேறு. பெஷாவரிலிருந்து வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் மனைவி கலாவையும் மூன்று மகன்களையும் அழைத்துக்கொண்டு 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் இறங்கினார். பெர்க்லியில் வீடு வாங்கி, சாமான்களோடு போய் இறங்கினால் கதவு பூட்டியிருக்கிறது. பூட்டியவர்கள் அக்கம்பக்கத்தார். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்த கலா, அந்தத் தெருவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாமான்கள் வந்த வழியே திரும்பின.

1923-இல் இன்னொரு வழக்கு. பகத் சிங் திண்ட், பஞ்சாபிலிருந்து போய் அமெரிக்க ராணுவத்திலேயே பணியாற்றியவர், குடியுரிமை கேட்டார். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை என்று சட்டம் இருந்த காலம். அவர் தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? அவர் உயர்ந்த சாதி இந்து, ஆரிய வம்சம், ஆகவே வெள்ளையர். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கறுப்பர்களை அமெரிக்கர்கள் எப்படிப் பார்க்கிறார்களோ, திருமண விஷயத்தில் அப்படித்தான் எங்கள் உயர்சாதியினர் பூர்வகுடிகளைப் பார்க்கிறார்கள் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். சாதிப் பெருமையை நற்சான்றிதழாக நீட்டி, எங்களையும் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற விண்ணப்பம் அது. நீதிபதிகள் படித்தார்கள். சாதாரண வெள்ளைக்கார மனிதனின் புரிதலில் நீ வெள்ளையன் அல்ல என்று தள்ளிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பின் பின்விளைவாக, முன்பே குடியுரிமை பெற்றிருந்த பகாயும் அதை இழந்தார். 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். பெர்க்லியில் ஒரு தெருவுக்கு இன்று கலா பகாயின் பெயர். தாமதமானாலும் வைத்தார்கள்.

இனி ஓசூர்.

ஊரின் பெயரே கன்னடத்தில் 'புதிய ஊர்' என்றுதான் பொருள்படும். தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதுவும் ஒரே டீக்கடையில் கேட்கும் ஊர். 1970-களில் சிப்காட் வந்த பிறகு திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் உங்களைப் போன்றவர்கள் வந்து இறங்கினீர்கள். 1986-இல் உங்களுக்கு முதல் வீட்டை வாடகைக்கு விட்டவர் என்ன மொழி பேசினார் என்று நினைவிருக்கிறதா? தெலுங்காகவோ கன்னடமாகவோ இருந்திருந்தால், தெற்கேயிருந்து வந்த தனிக்கட்டைக்கு வீடு விடக்கூடாது என்று அவரும் பக்கத்து வீட்டாரைக் கூட்டி ஒருமனதாக முடிவெடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நீங்கள் இன்று சங்க உறுப்பினர்.

வடமாநிலப் பையன்கள் என்கிறீர்கள். ஒடிசாவிலிருந்து வந்தவனுக்குத் தாய்மொழி ஒடியா, அசாமிலிருந்து வந்தவனுக்கு அசாமியோ போடோவோ வங்காளமோ. நமக்கு எல்லோரும் 'இந்திக்காரன்'. டெல்லியில் நம்மை 'மதராசி' என்றால் மட்டும் வரைபடத்தை விரித்துக் காட்டக் கிளம்பிவிடுகிறோம். உங்கள் லேஅவுட்டில் டைல்ஸ் ஒட்டியது யார், சென்ட்ரிங் அடித்தது யார், ஹோட்டலில் உங்களுக்குப் பரோட்டா வைப்பது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்கே தெரியும். பகலில் வரலாம், இரவில் தங்கக் கூடாது. லெவிட்டவுன் ஒப்பந்தத்தின் அந்த விலக்கு இங்கே எழுதப்படாமலேயே அமலில் இருக்கிறது.

ஒரே அறையில் பன்னிரண்டு பேர், நள்ளிரவுச் சத்தம், குப்பை என்று நீங்கள் சொல்லாமல் விட்ட புகார்களையும் நானே சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் அது உண்மை. ஆனால் பன்னிரண்டு பேரை ஓர் அறையில் அடைத்தது அந்தப் பன்னிரண்டு பேர் அல்ல. குடும்பத்துக்கு விட்டால் வருவதைவிடத் தலைக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்டரிடம் வாங்கினால் அதிகம் வரும் என்று கணக்குப் போட்ட வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் நல்ல தமிழர். பெரும்பாலும் சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒரு வீட்டில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, இத்தனை மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாக விதி போடுங்கள், முதல் ஆளாக நான் ஆதரிக்கிறேன். உங்கள் முடிவில் ஆட்களின் எண்ணிக்கையும் இல்லை, சத்தமும் இல்லை. ஊர் மட்டும்தான் இருக்கிறது.

1991 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி பெங்களூரில் தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் தாக்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் வந்தார்கள். அத்திப்பள்ளி தாண்டியதும் முதல் ஊர் ஓசூர்தான். நீங்கள் அப்போது அங்கே ஐந்து வருடக்காரர், கண்ணால் பார்த்திருப்பீர்கள். எங்கள் பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் இன்றும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் தகரக் கொட்டகையில்தான் படுக்கிறார்கள். 'கொங்கா' என்று அவர்களை அங்கே ஏளனமாகக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு நமக்கு ரத்தம் கொதிக்கிறது. 'வடக்கன்' என்று நாம் சொல்லும்போது கொதிப்பது யார் ரத்தம்?

கணியன் பூங்குன்றனாரை நான் இந்தப் பதிலுக்குள் இழுக்கவில்லை. அந்த வரி உங்கள் லேஅவுட்டின் நுழைவு வளைவிலேயே எழுதியிருக்கலாம்.

வெளிமாநிலத்தான் வந்து கெடுப்பதற்கு முன் நம் தெருக்கள் சமத்துவமாக இருந்தன என்ற நினைப்பும் வேண்டாம். ஊர் வேறு, காலனி வேறு என்று கோடு போட்டுக் குடியிருந்து பழகியவர்கள் நாம். தர்மபுரியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். 2012 நவம்பர் 7 அன்று, ஒரு காதல் திருமணத்தைக் காரணமாக வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கு மேற்பட்ட தலித் மக்களின் வீடுகளை எரித்த மாவட்டம் இது. எரித்தவர்கள் வடக்கேயிருந்து ரயிலேறி வரவில்லை. புதிய நகர்கள் வந்தால் இந்தக் கோடு அழியும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு நகரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். தண்ணீர் வசதி, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு வீட்டுக்காரர் குரலைத் தணித்து, "தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் என்ன ஆட்கள்?" என்றார். நான் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டினேன். அவர் சிமெண்ட் சாலை வரை வந்து வழியனுப்பினார். மரியாதையில் குறை சொல்ல முடியாது.

சட்டத்தில் இதற்கு வழி உண்டா என்று பார்த்தால், அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று விதி வைத்திருந்த கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை 2005-இல் நம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. அமெரிக்காவின் 1968-ஐப் போன்ற ஒரு சட்டம் நம்மிடம் இல்லை. அவர்கள் தங்கள் அநியாயத்தைப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தார்கள். எழுதி வைத்ததால், நீதிமன்றத்துக்கு எடுத்துப்போய்க் காட்ட ஒரு தாள் இருந்தது. நாம் சாமர்த்தியசாலிகள். மினிட் புத்தகத்தில் ஏற்றுவதில்லை.

உங்கள் சங்க முடிவை வெளியிடச் சொன்னீர்கள். அவசியம் வெளியிடுகிறேன். சங்கத்தின் லெட்டர்பேடில், லேஅவுட்டின் பெயரோடு, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து அனுப்புங்கள். இந்தப் பக்கத்திலேயே ஒரு வரி குறையாமல் அச்சிடுகிறேன். கூடவே டல்லாஸில் உங்கள் மகன் வீட்டு முகவரியையும் குறித்து அனுப்புங்கள், அந்த இதழில் இரண்டு பிரதிகள் அங்கே போகட்டும். ஒன்று மகனுக்கு, ஒன்று இரண்டு தெரு தள்ளி.