உலர்ந்த தார்ச்சாலையில் 4எச் நிலையில் ஓட்டலாமா?

நான்கு சக்கர இயக்கமுள்ள மகிந்திரா தார் வண்டியை நெடுஞ்சாலையிலும் 4எச் நிலையிலேயே, அதாவது நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் நிலையிலேயே, ஓட்டினால் பிடிப்பு கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உலர்ந்த சாலையில் அது கேடே செய்யும். முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதியான நடு டிஃபரன்ஷியல் அவ்வண்டியில் கிடையாது என்பதால், 4எச் போட்டதும் முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே வேகத்தில் சுழலுமாறு, விசையை இரு அச்சுகளுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்டிவிடுகிறது. ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் உருள வேண்டியிருப்பதால், அந்த வேறுபாடு முறுக்கமாகத் தேங்கி, ஸ்டியரிங்கை இறுக்கி, டயர்களையும் பற்சக்கரங்களையும் தேய்க்கிறது. மணலிலும் சேற்றிலும் சக்கரங்கள் சற்று வழுக்குவதால் முறுக்கம் தானே தளர்ந்துவிடும். நெம்புகோல், பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்லும் 2எச் நிலைக்குத் திரும்ப மறுத்தால், பலரும் செய்வதுபோல் அதனோடு மல்லுக்கட்டாமல், நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் விடுபட்டுவிடும். மாதம் ஒருமுறை மண்பாதையில் 4எச் போட்டுச் சிறிது தூரம் ஓட்டுவது, சும்மா கிடக்கும் முன் அச்சின் உறுப்புகளில் எண்ணெய் பரவ உதவும்.